இரவு வானமும் சூரிய உதயமும் ஒரே உச்சியில்: சிவனொளிபாதமலையா, கினபாலுவா, ஹலேயாகலாவா?

மலை உச்சியில் நின்று பால்வெளியை எடுக்க வேண்டும். அப்படியே காத்திருந்து விடிந்ததும் சூரியனையும் எடுக்க வேண்டும். இந்த ஆசையோடு வருகிற நண்பர்கள் முதலில் கேட்பது, "எந்த மலை உயரம்?" என்றுதான். எனக்குத் தெரிந்தவரை இந்த விஷயத்தில் கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி அது. உச்சியில் இருட்டு இருக்கும்போதே நீங்கள் அங்கே இருப்பீர்களா, இருந்தால் எவ்வளவு நேரம் இருப்பீர்கள், மேகம் ஏமாற்றினால் மறுநாள் மறுபடி போக முடியுமா என்று கேட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இங்கே எடுத்துக்கொண்ட மூன்று மலைகளும் மூன்று விதமாக ஏறப்படுபவை. இலங்கையின் சிவனொளிபாதமலையில் இரவோடு இரவாகப் படியேற வேண்டும். மலேசியாவின் சபா மாநிலத்திலுள்ள கினபாலுவில் பாதி வழியில் விடுதியில் படுத்து, நடுநிசிக்குப் பின் எழுந்து நடக்க வேண்டும். ஹவாய்த் தீவுகளில் மௌயி தீவிலுள்ள ஹலேயாகலாவில் உச்சி வரைக்கும் கார் போகும். ஆகவே மலையைத் தேர்ந்தெடுப்பது என்பது ஏறும் முறையைத் தேர்ந்தெடுப்பதும்தான்.

எதை வைத்து ஒப்பிடுகிறேன்

முதல் அளவுகோல் இருட்டு நேரம். சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 18 பாகை இருக்கும் வரைதான் வானம் முழு இருட்டு. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக ஏறுவதால் அந்த 18 பாகையைக் கடக்க எழுபது நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். அதாவது உதயம் 6.20 என்றால், 5.05-க்கெல்லாம் நட்சத்திரப் படத்துக்கான நேரம் முடியத் தொடங்கிவிடும். கண்ணுக்கு இன்னும் இருட்டாகத்தான் தெரியும். ஆனால் 15 விநாடி திறந்து வைத்த கேமராவில் கிழக்குப் பக்கம் நீலமாக விழும், பால்வெளி வெளிறும். பெரும்பாலான மலையேற்ற ஏற்பாடுகள் "உதயத்துக்கு அரைமணி முன்னால் உச்சி" என்றே திட்டமிடப்பட்டவை. படம் எடுப்பவருக்கு அது குறைந்தது முக்கால் மணி நேரம் தாமதம்.

இரண்டாவது, மாதமும் திசையும். பால்வெளியின் மையப்பகுதி பிப்ரவரி பிற்பகுதியிலும் மார்ச்சிலும் விடியலுக்கு முன் தென்கிழக்கில் நிற்கும். சூரியன் அப்போது கிழக்குக்குக் கொஞ்சம் தெற்கே உதிக்கும். 14 அல்லது 20 மி.மீ. அகலக் கோண லென்ஸ் இருந்தால் இரண்டும் ஒரே சட்டகத்தில் அடங்கும். ட்ரைபாடை நகர்த்தாமலே நட்சத்திரத்திலிருந்து சூரியன் வரை தொடர்ச்சியாக எடுக்கலாம். ஜூன் மாதத்தில் கதை தலைகீழ்: விடியும் முன் பால்வெளி மையம் தென்மேற்கில் இறங்கிக்கொண்டிருக்கும், சூரியன் வடகிழக்கில் எழும். இரண்டு திசை, இரண்டு ட்ரைபாட் அல்லது இரண்டில் ஒன்றைத் தியாகம் செய்யும் மனசு வேண்டும். இந்த மூன்று மலைக்கும் இது பொருந்தும்.

மூன்றாவது, நிலா. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்: அமாவாசையை ஒட்டிய நாட்கள். விடிகாலையில் மெல்லிய தேய்பிறை எழுந்தால் அது முன்புறப் பாறைக்கு வெளிச்சம் கொடுக்கும், கெடுதல் இல்லை.

நான்காவது, ட்ரைபாட் ஊன்ற இடம். ஆள் நெரிசலில் ட்ரைபாட் ஆடும். பக்கத்தில் ஒருவர் ஹெட்லாம்ப்போடு திரும்பினால் ஒரு எக்ஸ்போஷர் போச்சு. ஐந்தாவது, மேகம் எந்த உயரத்தில் நிற்கும் என்பது. ஆறாவது செலவு, அதிலும் விளம்பரத்தில் சொல்லாத செலவு. ஏழாவதாக நான் வைப்பது மறுமுயற்சி. வானிலை ஒரு இரவை விழுங்கிவிட்டால் இன்னொரு இரவு கிடைக்குமா? என்னைக் கேட்டால் முதல் அளவுகோலுக்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

| | சிவனொளிபாதமலை | கினபாலு | ஹலேயாகலா |
|---|---|---|---|
| உயரம் | 2,243 மீ | 4,095 மீ | 3,055 மீ |
| ஏறும் விதம் | படிகள், 3 முதல் 4 மணி நேரம் | இரண்டு நாள் நடை, விடுதியில் ஓர் இரவு | கார், கடற்கரையிலிருந்து ஏறக்குறைய 2 மணி நேரம் |
| உச்சியில் முழு இருட்டு | சீக்கிரம் ஏறினால் மணிக்கணக்கில், ஆனால் விளக்கொளியோடு | கிட்டத்தட்ட இல்லை. வழியில் உண்டு | மணிக்கணக்கில் |
| ட்ரைபாட் இடம் | மிகக் குறைவு | உச்சியில் இல்லை, கீழே பாறைவெளியில் தாராளம் | தாராளம், காற்று பலம் |
| வழிகாட்டி | தேவையில்லை | கட்டாயம் | தேவையில்லை |
| மறுமுயற்சி | எளிது | அனேகமாக இல்லை | எளிது |
| செலவு | குறைவு | அதிகம் | அங்கே போய்ச் சேர்வதுதான் செலவு |

சிவனொளிபாதமலை

யாத்திரைப் பருவம் டிசம்பர் மாத உந்துவப் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமியில் முடியும். அந்தக் காலத்தில் நல்லதண்ணிப் பக்கத்துப் படிகள் முழுக்க மின்விளக்கு எரியும், வழியெங்கும் தேநீர்க் கடைகள் இருக்கும். அட்டன் வரை ரயில், அங்கிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் பஸ். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இரத்தினபுரிப் பக்கமிருந்தும் பாதை உண்டு. அது நீளம், கூட்டம் குறைவு. கேமரா பையோடு முதல்முறை போகிறவர்களுக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

வழக்கமாக ஆட்கள் அதிகாலை இரண்டு மணிக்கு ஏறத் தொடங்கி ஐந்து, ஐந்தரைக்கு மேலே வருவார்கள். மேலே சொன்ன கணக்குப்படி அப்போது இருட்டு முடிந்துவிட்டிருக்கும். நட்சத்திரமும் வேண்டும் என்றால் இரவு பத்து, பத்தரைக்கே கிளம்ப வேண்டும். அப்படிப் போனால் இரண்டு மணிக்கு உச்சி. அதன் பிறகு நான்கு மணி நேரம் குளிரில் உட்கார்ந்திருக்க வேண்டும். விடியும் முன் வெப்பநிலை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கலாம். படியேறும்போது வியர்த்து நனைந்த சட்டையோடு அந்தக் குளிரில் நிற்பதுதான் இந்த மலையின் உண்மையான சோதனை. மாற்றுச் சட்டை ஒன்று கட்டாயம் பையில் இருக்கட்டும்.

இன்னொரு குறை வெளிச்சம். உச்சியில் கோயில், மணி, விளக்குகள். அது யாத்திரைத் தலம், வானியல் மேடை இல்லை. அதைக் குறை சொல்ல நமக்கு உரிமையும் இல்லை. பௌத்தர்களுக்குப் புத்தர் பாதம், சைவர்களுக்குச் சிவன் பாதம், முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் ஆதம் மலை. வழிபடும் இடத்தில் கேமராவை மூடிவிடுங்கள், ட்ரைபாட் காலை யார் வழியிலும் விரிக்காதீர்கள். ஆறுதல் என்னவென்றால் பால்வெளி எழும் தென்கிழக்கு, காடும் மலையுமான பக்கம். கொழும்பின் ஒளி மேற்கே. ஆகவே உச்சி விளக்கை முதுகுக்குப் பின்னால் வைத்து, சுவரோரம் ஒதுங்கி நின்றால் படம் கிடைக்கும். சுத்தமான படம் என்று சொல்ல மாட்டேன்.

இந்த மலையின் பலம் உதயம். சரியாகச் சொன்னால், உதயத்துக்கு நேர் எதிர்த் திசை. சூரியன் எழுந்த சில நிமிடங்களில் மலையின் நிழல் மேற்கே பனிமூட்டத்தின் மீது முக்கோணமாக விழும். மலையின் வடிவம்தான் அப்படி விழுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். நீண்ட நிழலை அதன் உச்சியில் நின்று பார்க்கும்போது எந்த மலையின் நிழலும் தூரத்தில் குவிந்து முக்கோணமாகத்தான் தெரியும். தண்டவாளம் தூரத்தில் ஒன்றாவது மாதிரி. ஆனால் இங்கே மலை தனித்து எழுந்து நிற்பதாலும் மேற்கே நிலம் சட்டென்று தாழ்வதாலும் அது இவ்வளவு தெளிவாக விழுகிறது. கூட்டம் முழுக்கக் கிழக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் மேற்குச் சுவரில் இடம் பிடித்துவிடுங்கள். உதயத்துக்குச் சற்று முன் அதே மேற்கில் பூமியின் நிழல் நீலப் பட்டையாகவும் அதன் மேல் இளஞ்சிவப்புப் பட்டையாகவும் தெரியும். அதையும் விட வேண்டாம்.

பௌர்ணமி, அதாவது போயா நாள், விடுமுறை. அன்றும் வார இறுதிகளிலும் படியில் வரிசை நகராது. நட்சத்திரம் எடுப்பவருக்குப் பௌர்ணமி எப்படியும் வேண்டாத நாள்தான். அமாவாசையை ஒட்டிய வார நாளில் போனால் இருட்டும் கிடைக்கும், நெரிசலும் குறையும். இந்த மலையில் இப்படி ஒரு வசதி.

மறைந்திருக்கும் செலவு பணம் இல்லை, முழங்கால். இறங்கிய பிறகு இரண்டு நாளைக்குப் படியைப் பார்த்தாலே பயம் வரும். ஆகவே அடுத்தடுத்த இரவுகளில் ஏறலாம் என்று திட்டமிடாதீர்கள். நல்லதண்ணியில் குறைந்தது மூன்று இரவு தங்கும்படி வைத்துக்கொண்டு, வானம் தெளிந்த இரவில் ஏறுங்கள். மற்ற இரவுகளில் கீழேயே எடுக்கலாம். மஸ்கெலியாப் பக்கமோ மவுசாக்கலை நீர்த்தேக்கக் கரையோ நின்று பார்த்தால், கூம்பு மலையில் விளக்குச் சரம் ஏறிப் போவது தெரியும். அந்தப் படத்தை உச்சியிலிருந்து எடுக்கவே முடியாது. ஏப்ரல் பிற்பகுதியிலும் மே மாதத்திலும் விடியலுக்கு முன் பால்வெளி தெற்கைத் தாண்டித் தென்மேற்காகச் சாயும்போது அந்தக் கூம்பின் மேலே வரத் தொடங்கும். ஆனால் அந்த மாதங்களில் பிற்பகல் இடிமழை வழக்கம். இரவில் வானம் தெளிந்தால் அதிர்ஷ்டம். நம்பகமான வானம் வேண்டுமென்றால் பிப்ரவரி, மார்ச்.

கினபாலு

படத்தில் பார்த்தால் இதுதான் கனவு மலை: மரமில்லாத கருங்கல் வெளி, அதில் கூர்கூராக எழும் சிகரங்கள். ஆனால் இங்கே நேரம் உங்கள் கையில் இல்லை, அட்டவணையின் கையில் இருக்கிறது.

முதல் நாள் 1,866 மீட்டரில் உள்ள திம்போஹோன் வாயிலில் தொடங்கி, 3,272 மீட்டரில் இருக்கும் லபான் ராத்தா விடுதிப் பகுதிக்கு நடக்க வேண்டும். இரவு இரண்டு, இரண்டரைக்குக் கிளம்பினால் 3,668 மீட்டரில் உள்ள சாயாட்-சாயாட் சோதனைச் சாவடியைக் கடந்து, கயிறு பிடித்துப் பாறைச் சரிவில் ஏறி, ஐந்தேகாலுக்கோ ஐந்தரைக்கோ லோஸ் பீக் என்ற உச்சியில் நிற்கலாம். மார்ச்சில் உதயம் ஆறேகால் சுமாருக்கு. முழு இருட்டு ஐந்து மணிக்கே முடிந்துவிடும். ஆக, உச்சியில் நட்சத்திரம் என்பது இந்த அட்டவணையில் கிடையாது. வேகமாக ஏறுபவர்கள் வழிகாட்டியோடு பேசிச் சற்று முன்னால் கிளம்பலாம், ஆனால் வழிகாட்டி உங்களைத் தனியே விட்டுவிட மாட்டார். உங்கள் குழுவில் மெதுவாக நடப்பவர் வேகம்தான் உங்கள் வேகம்.

சரி, அப்படியானால் இதை ஏன் பட்டியலில் வைத்தேன்? உச்சியை விட்டுக்கொடுத்தால் கினபாலு மிக நல்ல தேர்வு. சாவடியைத் தாண்டியதும் பாறைவெளி தொடங்கிவிடும். அங்கேயே நின்று தெற்குச் சிகரத்தை முன்புறமாக வைத்து எடுத்த நட்சத்திரப் படம், லோஸ் பீக்கில் நின்று எடுத்ததைவிட எப்போதுமே நன்றாக இருக்கும். லோஸ் பீக் உச்சி சிறிய கற்குவியல். பெயர்ப்பலகைக்கு முன்னால் படம் எடுக்க வரிசை நிற்கும் இடம். உச்சியில் நிற்கும்போது உச்சி படத்தில் வராது என்பதை மலைக்குப் புறப்படுகிற நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். கருங்கல்லில் ட்ரைபாட் அசையாது, மணலிலும் மரப்பலகையிலும் வரும் அதிர்வு இங்கே இல்லை. முதல் நாள் மாலையும் விடுதிக்குப் பக்கத்தில் வானம் தெளிந்தால் எட்டு, ஒன்பது மணிவரை எடுக்கலாம். ஆனால் அன்றிரவு தூங்க வேண்டிய சில மணி நேரத்தையும் அது தின்றுவிடும்.

உயரம் இங்கே நிஜமான பிரச்சினை. 4,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். தலைவலி, குமட்டல் வந்தால் கேமராவைத் தொடவே தோன்றாது. இன்னொரு விசித்திரம்: ஆக்சிஜன் குறைந்தால் இருட்டில் பார்க்கும் திறனும் குறையும். 4,000 மீட்டரில் உங்கள் கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்களைவிடக் கேமரா அதிகம் பிடிக்கும். ஃபோகஸ் போடும்போது கண்ணை நம்பாமல், திரையில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பெரிதாக்கிப் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

செலவுக்கு வருவோம். வழிகாட்டி, அனுமதி, காப்பீடு, விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து வெளிநாட்டவருக்கு ஆயிரம் ரிங்கிட்டைத் தாராளமாகத் தாண்டும். நாளொன்றுக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு இருப்பதால் மாதக்கணக்கில் முன்னதாகப் பதிவு செய்ய வேண்டும். மறைவான செலவு சுமைகூலி. சுமை தூக்குபவர் கிலோ கணக்கில் வாங்குவார். ட்ரைபாட், இரண்டு லென்ஸ், பேட்டரி என்று சேர்ந்தால் அதைக் கொடுத்துவிடுவதே புத்திசாலித்தனம், ஆனால் அவர் பை விடுதி வரைக்கும்தான் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலே உங்கள் தோள். அப்புறம் மழை. மழையோ பலத்த காற்றோ இருந்தால் சாவடிக்கு மேலே விட மாட்டார்கள், அது சரியான முடிவும்கூட. நனைந்த கருங்கல் சரிவில் ஓடும் தண்ணீர் விளையாட்டு இல்லை. அன்றைய இரவு போனால் போனதுதான். விடுதியை அன்றே காலி செய்து கீழே இறங்க வேண்டும், மறுநாளைக்கு இடம் இருக்காது. பெரும்பாலும் காலை தெளிவாகவும் நண்பகலுக்குப் பின் மேகமாகவும் இருக்கும் மலை என்பதால் வாய்ப்பு மோசமில்லை. இருந்தாலும் ஒரே ஒரு சீட்டைப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் ஆட்டம் இது.

2015 ஜூன் 5 அன்று 6.0 அளவு நிலநடுக்கத்தில் இந்த மலையில் பாறைகள் சரிந்து பலர் உயிரிழந்தார்கள். அதன் பிறகு பாதையும் விதிகளும் மாறின. உள்ளூர் கடசான்-டூசுன் மக்களுக்கு இது முன்னோர் ஆன்மாக்கள் தங்கும் மலை. வழிகாட்டி சொல்வதைத் தட்டாமல் கேட்பதற்கு இரண்டு காரணங்களும் போதும்.

ஹலேயாகலா

இருட்டு நேரம் என்ற முதல் அளவுகோலில் இதற்குப் பக்கத்தில் மற்ற இரண்டும் வர முடியாது. பூங்கா 24 மணி நேரமும் திறந்திருக்கும், உச்சி வரைக்கும் தார்ச்சாலை. காரை நிறுத்தி, கதவைத் திறந்தால் 3,000 மீட்டர். பூங்கா நுழைவாயிலிலிருந்து உச்சிக்கு அரை மணி நேரப் பயணம்.

வானமும் அதற்கேற்றது. ஹவாயில் சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் வெப்பமான காற்றடுக்கு ஒன்று மூடி போட்டது போல நிற்கும்; வர்த்தகக் காற்று கொண்டுவரும் மேகம் அதற்கு மேலே ஏற முடியாமல் கீழேயே பரவும். உச்சி பெரும்பாலான இரவுகளில் அந்த மேகக் கடலுக்கு மேலே. மேகம் கீழே கிடப்பதால் கடற்கரை நகரங்களின் வெளிச்சத்தையும் அது மறைத்துவிடும். வானியலாளர்கள் இங்கே தொலைநோக்கிகளை வைத்ததற்கும் இதுவே காரணம். சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த 'ஓமுவாமுவா' என்ற விண்பொருள் 2017-ல் முதலில் பிடிபட்டது இங்கிருக்கும் பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கியில்தான்.

ஒரு விதியை மட்டும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அதிகாலை 3 மணிக்கும் 7 மணிக்கும் இடையில் காரோடு உள்ளே நுழைய முன்பதிவு கட்டாயம். 2017-லிருந்து இந்த ஏற்பாடு. பதிவுக் கட்டணம் 1 டாலர். வண்டிக்கான நுழைவுக் கட்டணம் 30 டாலர் தனி, அது மூன்று நாளைக்குச் செல்லும். 60 நாள் முன்னதாகப் பதிவு திறக்கும், வேகமாகத் தீர்ந்துவிடும். முந்தின மாலை அந்திக்காகப் போகிறவர்களுக்கு இந்தப் பதிவு வேண்டாம். ஆகவே நான் சொல்வது இதுதான்: நட்சத்திரத்தை ஒரு மாலையிலும், உதயத்தை இன்னொரு அதிகாலையிலும் பிரித்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் சீட்டு அதற்குச் சரியாகப் பொருந்தும்.

ஒரே இரவில்தான் வேண்டும் என்றால் மாதம் முக்கியம். ஜனவரியில் உதயம் ஏழு மணிக்கு. மூன்று மணிக்கு நுழைந்தாலும் ஏறக்குறைய இரண்டு மணி நேர இருட்டு மிச்சம்; ஆனால் பால்வெளி மையம் அப்போது தெரியாது. ஜூனில் உதயம் ஐந்தே முக்காலுக்குள். மூன்றுக்கு நுழைந்தால் முக்கால் மணிதான் கிடைக்கும். பிப்ரவரி கடைசி, மார்ச் இங்கேயும் நடுநிலை: இரண்டரை மணிக்குப் பால்வெளி மையம் எழுந்துவிடும், ஐந்தரை வரை இருட்டு.

மறைவான செலவுகள் இங்கே அதிகம். பெட்ரோல் பங்கும் சாப்பாடும் பூங்காவுக்குள் இல்லை. கீழே ஊரிலேயே நிரப்பிக்கொள்ள வேண்டும். கடல்மட்டத்திலிருந்து இரண்டு மணி நேரத்தில் 3,000 மீட்டருக்கு ஏறுவதால் உடம்பு பழகுவதற்கு நேரமே கிடைக்காது. சிலருக்குத் தலை சுற்றும். மௌயிக்குப் போகிறவர்கள் ஸ்கூபா டைவிங்கும் செய்வார்கள். டைவ் செய்த 24 மணி நேரத்துக்குள் இந்த மலை ஏறக்கூடாது, இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகி ஆபத்தில் கொண்டுபோய் விடும். குளிர் அதிகாலையில் உறைநிலையை நெருங்கும், காற்று அதைவிடக் கொடுமை. கடற்கரை விடுமுறைக்கு எடுத்துப்போன அரைக்கால்சட்டையோடு போர்வையைச் சுற்றிக்கொண்டு நடுங்குகிறவர்களை அங்கே எப்போதும் பார்க்கலாம். காற்றுக்கு ட்ரைபாடின் நடுத்தண்டை உயர்த்தாமல் காலைத் தாழ்வாக விரித்து, பையை அடியில் தொங்கவிடுங்கள். பை ஊசலாடாமல் தரையைத் தொட்டபடி இருக்கட்டும். ட்ரோன் கூடாது. பாதையை விட்டு இறங்கி வெள்ளி நிற வாள்ச்செடிகளின் வேரை மிதிக்கவும் கூடாது. அந்த வகை உலகில் இந்த மலையில் மட்டுமே உண்டு.

படமாகப் பார்த்தால் ஒரு குறை சொல்வேன். முன்புறம் எரிமலைப் பள்ளம். இருட்டில் அது கறுப்புக் குழி. விடிந்த பிறகுதான் அதன் சிவப்பும் சாம்பலும் தெரியும். நட்சத்திரப் படத்துக்குக் கினபாலுவின் சிகரங்கள் மாதிரி ஒரு உருவம் இங்கே இல்லை. வானம் மட்டும் போதும் என்பவருக்கு இது குறையே இல்லை.

ஏன் ஃபூஜியும் மௌனா கேயாவும் இல்லை

இந்த இரண்டையும் கேட்பவர்கள் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மௌனா கேயா 4,207 மீட்டர், உலகின் மிகச் சிறந்த இரவு வானங்களில் ஒன்று. ஆனால் சூரியன் மறைந்து அரைமணியிலிருந்து உதயத்துக்கு அரைமணி முன்வரை பார்வையாளர்கள் உச்சியில் இருக்கக் கூடாது. கார் விளக்கு தொலைநோக்கிகளுக்கு இடைஞ்சல். 2,800 மீட்டரிலுள்ள பார்வையாளர் மையத்தில் நின்று எடுக்கலாம், அது உச்சி ஆகாது. ஃபூஜியில் ஏறும் பருவம் ஜூலை தொடங்கி செப்டம்பர் முற்பகுதி வரை. 2025-லிருந்து 4,000 யென் கட்டணம், விடுதிப் பதிவு இல்லாதவர்களுக்குப் பிற்பகல் 2 மணிக்கு வாயில் மூடிவிடும். உதயம் நாலரை மணிக்கெல்லாம் வந்துவிடும், வழியெங்கும் ஹெட்லாம்ப் வரிசை. ஃபூஜியை வெளியே நின்று எடுப்பதே நல்லது.

எங்கே போனாலும் ஒரே மாதிரியானவை

20 மி.மீ. லென்ஸ், எஃப் 2.8 (லென்ஸ் துவாரத்தின் அளவு), 15 விநாடி, ஐஎஸ்ஓ 3200 (சென்சாரின் ஒளி உணர்திறன்): நட்சத்திரத்துக்கு இதிலிருந்து தொடங்குங்கள். வெளுக்கத் தொடங்கியதும் முதலில் ஐஎஸ்ஓவைக் குறைத்துக்கொண்டே வாருங்கள், அப்புறம் நேரத்தை. உதயத்துக்கு இருபது நிமிடம் முன்னால் எஃப் 8, ஐஎஸ்ஓ 100 அளவுக்கு வந்திருப்பீர்கள். லென்ஸை மாற்றாமல் ஒன்றிலேயே முடிக்கப் பாருங்கள், உச்சிக் காற்றில் சென்சாரில் தூசி ஏறும். குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும். மாற்று பேட்டரி உள்சட்டைப் பையில் இருக்கட்டும். லென்ஸில் பனி படிந்தால் துடைத்துத் துடைத்து ஓய்ந்துவிடுவோம்; பவர் பேங்கில் ஓடும் சூடேற்றும் பட்டை ஒன்று வாங்கிக்கொள்வது மேல்.

ஃபோனில் பார்க்கும் உதய நேரம் பொதுவாகக் கடல்மட்டக் கணக்கு. தொடுவானம் மறைவில்லாமல் தெரிந்தால் 2,200 மீட்டரில் ஐந்தாறு நிமிடம், 4,000 மீட்டரில் ஏழெட்டு நிமிடம் முன்னதாகவே சூரியன் தலை காட்டும். கீழே மேகக் கடல் இருந்தால் இந்த லாபம் குறையும்.

நட்சத்திர வட்டம், அதாவது கேமராவை நெடுநேரம் திறந்து வைத்தால் நட்சத்திரங்கள் வரையும் வளையங்கள், எடுக்க ஆசைப்படுகிறவர்கள் அட்சரேகையையும் பார்க்க வேண்டும். ஹலேயாகலாவில் துருவ நட்சத்திரம் 21 பாகை உயரத்தில் நிற்பதால் முழு வட்டம் சட்டகத்தில் வரும். மற்ற இரண்டிலும் அது ஆறேழு பாகை உயரத்தில் மங்கலில் மறைந்திருக்கும். அங்கே கிழக்கே திருப்பினால் கோடுகள் ஏறக்குறைய நேராக எழுவதை எடுக்கலாம். தென்சிலுவை மூன்றிலும் தெரியும், ஹலேயாகலாவில் மட்டும் மிகத் தாழ்வாக.

யாருக்கு எது

இரவு வானம்தான் முதல், உதயம் அடுத்தது என்பவர் ஹலேயாகலா போகட்டும். அதிலும் அமெரிக்காவில் வசிப்பவர் வேறு யோசிக்கவே வேண்டாம். சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ இதற்கென்றே ஹவாய்க்கு டிக்கெட் எடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை, விசா, வாடகைக் கார், விடுதி என்று சேரும் தொகையில் சிவனொளிபாதமலைக்குப் பல பருவங்கள் போய்வரலாம்.

உதயமும் மலை நிழலும்தான் முதல், நட்சத்திரம் கிடைத்தால் சந்தோஷம் என்பவருக்குச் சிவனொளிபாதமலை. முழங்கால் சரியில்லாதவர், வயதான பெற்றோரோடு போகிறவர் மட்டும் யோசிக்கவும். அவர்கள் கீழே நீர்த்தேக்கக் கரையில் இருந்தபடியே இரவுப் படம் எடுக்கலாம்.

நட்சத்திரத்துக்குக் கீழே பாறையும் சிகரமுமாக ஒரே ஒரு வலுவான படம் வேண்டும், உச்சியில் நிற்காவிட்டாலும் பரவாயில்லை என்பவர் கினபாலு. மலையேற்றப் பழக்கம் இருக்க வேண்டும், வெறுங்கையோடு திரும்பினாலும் நடந்ததே போதும் என்று நினைக்க முடிய வேண்டும்.

தேதி குறிக்கும் வரிசையும் மூன்றுக்கும் வேறு. கினபாலுவுக்கு முதலில் விடுதி இடம், அமாவாசைக்கு மூன்று நாள் முன்பின் எது கிடைத்தாலும் எடுத்துக்கொண்டு, அதன் பிறகே விமான டிக்கெட். ஹலேயாகலாவுக்கு விமானம் முதலில்; ஊரில் இருக்கும் நாட்களுக்குள் உதயப் பதிவை 60 நாள் முன்னதாக, பதிவு திறக்கும் நாளிலேயே போட்டுவிடுங்கள். சிவனொளிபாதமலைக்கு அமாவாசையையும் போயாவையும் பார்த்து வாரத்தைக் குறித்தால் போதும், எந்த இரவில் ஏறுவது என்பதை அன்று மாலை வானத்தைப் பார்த்து முடிவு செய்யலாம்.